மந்திரவாதிகளுக்கு மெய்ப்புப் பார்த்த கதை

போன மாதம் எங்கள் அச்சகத்துக்கு ஒரு நடை போயிருந்தேன். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. மெய்ப்புப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பெண்களை எனக்கு அறிமுகப்படுத்தி வைத்தார்கள். டீ வந்தது, வடை வந்தது, அப்புறம் கேள்வி வந்தது.

"அக்கா, இத்தனை வருசத்துல நீங்க பார்த்த புத்தகத்துலேயே ரொம்பக் கஷ்டமானது எது?"

"கால்நடை மருத்துவக் கலைச்சொல் அகராதி" என்றேன். பதில் கம்பீரமாகத்தான் இருந்தது. மூவரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கு மனசு உறுத்தியது. அகராதியில் ஒரு கஷ்டமும் இல்லை. மாட்டுக்கு வரும் ஒரு நோய்க்கு ஒரு பெயர். அது சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடலாம். என்னைச் சோறு தின்னவிடாமல் அடித்தது, மூன்று கிழட்டு மந்திரவாதிகளைப் பற்றிய ஒரு வேடிக்கை நாவல். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாட்டைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நான் கடற்கரைக்காரி. அப்பா விசைப்படகில் டிரைவர். தமிழ் படிக்கப் பாளையங்கோட்டைக்கு வந்தவள், படிப்பை முடித்த கையோடு அச்சகத்தில் சேர்ந்தேன். அப்போது ஈய எழுத்து, பிறகு கணினி. விரலில் மை போனது, கழுத்தில் வலி வந்தது. மற்றபடி வேலை அதே வேலைதான். ஒருவர் கையெழுத்துப் பிரதியை வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் அச்சுப்படியில் வரி வரியாகப் பென்சிலை நகர்த்திக்கொண்டே வருவார். வாசிப்பவர் நிறுத்தக்குறிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். "அவன் வந்தான் காற்புள்ளி நின்றான் காற்புள்ளி ஒன்றும் சொல்லவில்லை முற்றுப்புள்ளி." நாள் முழுக்க இதே பாட்டு. சேர்ந்த புதிதில் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, குடும்பமாக உட்கார்ந்து செபமாலை சொன்னோம். என் முறை வந்ததும், "அருள் நிறைந்த மரியே காற்புள்ளி" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்குச் செபமாலை பாதியில் நின்றது. தங்கச்சிகள் இன்றுவரை என்னைக் காற்புள்ளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் ரோஸ்லின் என்று போட்டார்கள்.

எங்கள் பகுதிக்குத் தலைவர் கோமதிநாயகம் சார். எழுபதைத் தாண்டிய பிறகும் தினமும் ஒன்பது மணிக்கு வந்துவிடுவார். அவரிடம் போய் ஓய்வு வயது என்று ஒன்று இருப்பதைச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. நாம் விட்டுவிட்ட பிழை ஒன்று அவர் கண்ணில் பட்டால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பைய நடந்து வருவார். நம் முன்னால் வைப்பார். பிழை எங்கே என்று காட்ட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாம் கண்டுபிடித்துச் சொன்னால், "ம்" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். கண்டுபிடிக்காவிட்டால், "போய் ஒரு காபி குடிச்சிட்டு வாம்மா" என்பார். அந்தக் காபி போலக் கசந்த காபியை நான் வேறெங்கும் குடித்ததில்லை.

அவருடைய மேசையில் மூன்று பென்சில்கள் இருக்கும். அச்சுக் கோத்தவர் செய்த பிழைக்குச் சிவப்பு. மெய்ப்புப் பார்த்த நாங்கள் விட்ட பிழைக்கு நீலம். ஆசிரியர் செய்த பிழைக்குக் கறுப்பு. சிவப்பாலும் நீலத்தாலும் நாமே திருத்திவிடலாம். கறுப்பால் திருத்தக்கூடாது. ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போடலாம், அவ்வளவுதான்.

"கேளும்மா" என்பார். "கேட்டா எந்த ஆசிரியரும் கோவிக்க மாட்டாங்க. திருத்துனாத்தான் கோவிப்பாங்க."

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் சேக் மதார் சார் எங்கள் படியேறி வந்தார். மேலப்பாளையத்துக்காரர். எண்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. ஆற்று வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எந்த மடை எந்தப் பக்கம் திறக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கையில் ஒரு கட்டு நீளத்தாள், துணி நாடாவால் கட்டியிருந்தது.

"நாவல்" என்றார். "இன்னும் கடைசி அத்தியாயம் எழுதலை. நீங்க அடிக்க ஆரம்பிங்க, நான் எழுதிக் கொண்டாந்துருதேன்."

"என்ன மாதிரி நாவல் சார்?" என்றேன்.

"எங்க வயசுச் சோட்டு ஆளுக நாலு பேர் கூடுனா மூட்டுவலியத்தாம்மா பேசுதோம். அதையே கொஞ்சம் பறக்கவிட்டுப் பார்த்தேன்."

கதை இதுதான். ஒரு காலையில் தாமிரபரணி முக்கூடலில் ஓடாமல் நின்றுவிடுகிறது. வற்றவில்லை, நிற்கிறது. படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த ஒருவரின் வேட்டி மிதந்து போகாமல் அதே இடத்தில் அப்படியே கிடக்கிறது. என்ன செய்தும் ஆறு நகராததால், எப்போதோ தொழிலை விட்டுவிட்ட மூன்று மந்திரவாதிகளைத் தேடிப் போகிறார்கள். முக்கூடல் பிச்சாண்டி, அம்பாசமுத்திரம் அசன்கண்ணு, ஆழ்வார்திருநகரி சடகோபன். மூவரும் எண்பதைத் தாண்டியவர்கள். மந்திரம் இன்னும் பலிக்கிறது, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. பிச்சாண்டியிடம் பறக்கும் பாய் இருக்கிறது. ஆனால் தரையில் விரித்த பாயில் உட்கார அவருக்கு முழங்கால் மடங்காது. அதனால் பாய்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கயிற்றால் கட்டிப் பறக்கிறார். சடகோபன் நினைத்த நேரத்தில் உருமறைவார். ஆனால் நடந்தால் மூட்டு 'கடக் கடக்' என்று சத்தம் போட்டு அவர் போகும் வழியைச் சொல்லிவிடும். அசன்கண்ணுவுக்குப் பல்செட்டு. ஓதுகிறபோது அது நழுவும். நழுவினால் எழுத்து மாறும், எழுத்து மாறினால் மந்திரம் மாறும்.

இங்கேதான் நான் மாட்டினேன்.

நான்காம் அத்தியாயத்தில், கோடை வெயில் தாங்காமல் ஊர்க்காரர்கள் மழை கேட்கிறார்கள். அசன்கண்ணு கையை உயர்த்தி, "மலையே வா" என்கிறார். ஆசிரியரின் கைப்பிழை, இதற்குப் போய்க் கேள்வி எதற்கு என்று நினைத்தேன். 'மழையே வா' என்று திருத்தினேன். அடுத்த வரியில் மலை வந்தது. அதையும் மழை ஆக்கினேன். அந்தப் பக்கத்தில் இருந்த மலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மழையாக்கிக்கொண்டே போனேன். கடைசியில் "அதன் உச்சியில் ஏறி நின்று கண்டக்டர் விசில் ஊதினார்" என்ற வரியில் மட்டும் கொஞ்சம் நின்று, ஓரத்தில் கறுப்புப் பென்சிலால் கேட்டேன்: மழையில் எப்படி ஏறுவது?

முதல் மெய்ப்பை வாங்கிக்கொண்டு போன சேக் மதார் சார் மறுநாளே வந்தார். முகம் வாடியிருந்தது. எதிர்நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யம்மா, என் மலையைக் காணோம்" என்றார்.

"எந்த மலை சார்?"

"அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி வச்சிருந்தேன். இப்ப அங்கன மழை பெய்யுது."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பின்னால் கோமதிநாயகம் சார் எழுந்து வந்து அந்தத் தாளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை.

அன்றே ஒரு ஏற்பாடு செய்தோம். மந்திரவாதிகள் செய்யும் பிழைகளின் கீழே சேக் மதார் சார் பச்சை மையால் கோடு போட்டுத் தருவார். பச்சைக் கோடு இருந்தால் நாங்கள் தொடக்கூடாது. இல்லாவிட்டால் அது மனிதப் பிழை, எங்கள் பாடு. அசன்கண்ணு தன் வீட்டுக்குள் வந்த பாம்பை விரட்டப் போய், 'அரவே போ' என்பதற்குப் பதில் 'கதவே போ' என்று ஓதி வாசல் கதவை விரட்டியது, ஊர்த்தலைவருக்கு வாழைத்தார் வரவழைத்துக் கொடுக்கப் போய் வாளைமீன் வந்து மேசையில் துள்ளியது எல்லாம் பச்சைக் கோட்டோடு பத்திரமாக அச்சேறின. என்னோடு சேர்ந்து மெய்ப்புப் பார்க்கும் ஜெயந்தி வாசித்துக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிடுவாள். நான் பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் வேலை செய்து வெகுநாள் ஆகியிருந்தது.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மூன்று பேரும் பிச்சாண்டியின் பாயில் ஏறி, நின்றுபோன ஆற்றை மேலிருந்து பார்க்கப் போகிறார்கள். ஒரு நாற்காலிக்கு மூன்று பேர். நடு ஆற்றுக்கு மேல் யார் உட்காருவது என்று சண்டை வந்து, பாய் சரிந்து, பிச்சாண்டி நாணல் புதரில் விழுகிறார். பதின்மூன்றில் வேறு கதை. பதினான்காம் அத்தியாயத்தை ஜெயந்தி வாசிக்கத் தொடங்கினாள்.

"பிச்சாண்டி பாயை விரித்தார் முற்றுப்புள்ளி நாற்காலி ஒன்றுதான் இருந்தது முற்றுப்புள்ளி." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, இதை நாம வாசிச்சாச்சே."

பன்னிரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அதே பாய், அதே நாற்காலி, அதே சண்டை. ஆனால் படி எடுத்தது இல்லை, புதிதாக உட்கார்ந்து எழுதியது. வாக்கியங்கள் வேறு. பிச்சாண்டி இந்தத் தடவை விழுந்தது ஆற்றில் படுத்திருந்த எருமை மேல். அந்த எருமை அவரைச் சுமந்துகொண்டு நேராக முக்கூடல் கடைத்தெருவுக்குப் போகிறது. பச்சைக் கோடு எங்கும் இல்லை. முன்பு ஒருமுறை இதே போல விழுந்தது யாருக்கும் நினைவில்லை. மந்திரவாதிகளுக்கும் நினைவில்லை, எழுதியவருக்கும் நினைவில்லை.

அன்று மதியமே சேக் மதார் சாரின் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ரகுமத்தம்மா எடுத்தார். அத்தியாயம் ஒன்றில் ஒரு சந்தேகம் என்று மட்டும்தான் சொன்னேன்.

"ரெண்டு தரம் எழுதிட்டாஹளா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்றேன்.

"ஒரு வருசமா இப்படித்தாம்மா. காலையில சொன்னதையே மத்தியானமும் சொல்லுதாஹ. அவுஹளுக்குத் தெரியாது. நானும் காட்டிக்கிடலை. நீங்களே ஒண்ணை எடுத்துட்டு அச்சடிச்சிருங்க. அவுஹகிட்ட சொல்லிராதீங்க. புத்தகம்தான் இப்ப அவுஹளைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு."

போனை வைத்துவிட்டு நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். அப்படியே மூடினேன். ஒன்றை எடுத்துவிடுவது சுலபம். பத்து நிமிட வேலை. அவர் கவனிக்கக்கூட மாட்டார். அதனாலேயே எனக்கு எடுக்க மனம் வரவில்லை.

இரண்டு அத்தியாயங்களையும் கோமதிநாயகம் சாரிடம் கொண்டுபோய் வைத்து, ரகுமத்தம்மா சொன்னதையும் சொன்னேன். அவர் மதியம் முழுக்க அவற்றையே வாசித்தார். ஒன்றை முடித்துவிட்டு மற்றதை, பிறகு மறுபடியும் முதலாவதை. நான்கு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல எதும்மா பிழை?"

"ரெண்டாவது சார். ஏற்கெனவே வந்துருச்சே."

"எருமை நல்லா இருக்கே."

"அப்ப முதலாவதை எடுத்துருவோமா?"

"நாணலும் நல்லா இருக்கு." சிவப்புப் பென்சிலைத் தொட்டார், நீலத்தைத் தொட்டார், இரண்டையும் தள்ளி வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். "நமக்கு இதுதான். போய்க் கேட்டுட்டு வா."

"அந்தம்மா சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்காங்க சார்."

"சொல்ல வேண்டாம். கேளு."

மறுநாள் காலை இரண்டு அத்தியாயங்களையும் பையில் வைத்துக்கொண்டு மேலப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். சொல்லாமல் எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். இறங்கும்போது எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. வாசிப்பது.

கதவைத் திறந்த ரகுமத்தம்மா என் பையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லைம்மா" என்றேன் மெல்ல. "வாசிக்க மட்டும்தான் செய்வேன். வேண்டாம்னா இப்பவே நிறுத்திருதேன்."

அவர் வழிவிட்டார்.

சேக் மதார் சார் என்னைப் பார்த்ததும் உற்சாகமாக எழுந்தார். மெய்ப்புக்காக இரண்டு அத்தியாயங்களை அவர் காதில் போட வந்திருக்கிறேன் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரகுமத்தம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நான் பன்னிரண்டை வாசித்தேன், பழக்க தோஷத்தில் காற்புள்ளி முற்றுப்புள்ளியோடு. அவர் தொடையில் தட்டிக்கொண்டு கேட்டார். பிச்சாண்டி நாணலில் விழுந்தபோது தானே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பதினான்கை எடுத்தேன்.

"பிச்சாண்டி பாயை விரித்தார் முற்றுப்புள்ளி நாற்காலி ஒன்றுதான் இருந்தது முற்றுப்புள்ளி."

தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. நான் தொடர்ந்தேன். அரைப்பக்கம் போவதற்குள் அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கத் தொடங்கினார். எருமை கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தியாயம் முடிந்தது.

"ரெண்டும் நான் எழுதுனதா?" என்றார்.

நான் இரண்டு கையெழுத்துப் பிரதிகளையும் அவர் மடியில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். மனைவியின் பக்கம் திரும்பாமல், "ரகுமத்து, நான் இப்படிச் சொன்னதையே சொல்லுதேனா?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாளாத்தான்" என்றார் ரகுமத்தம்மா.

அவர் எழுந்து கொல்லைப்புறம் போனார். குழாயைத் திறந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. என் முப்பத்தைந்து வருட வேலையில் நான் இப்படி ஒரு பிழையை யார் முன்னாலும் கொண்டுபோய் வைத்ததில்லை. கோமதிநாயகம் சாரின் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நிற்பது அவருக்குச் சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே சேக் மதார் சார் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"ரெண்டாவது தரமும் அந்தப் பய விழுந்தானா?"

"விழுந்தாரு சார்."

"எருமை மேல."

"எருமை மேலதான்."

"யாரும் சொல்லாமலே ரெண்டு தரமும் விழுந்திருக்கான்னா, அவன் விழுற ஆளுதான் பாத்துக்கிடுங்க." அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணையும் ஒருமுறை துடைத்துக்கொண்டார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "ஒரு வருசமா சொன்னதையே கேட்டுக்கிட்டு இருந்தியாக்கும்?"

"கேட்டா என்ன? ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மாத்தித்தானே சொல்லுதிய" என்றார் ரகுமத்தம்மா. "போன வாரம் அந்தச் சுத்தமல்லி அணைக்கட்டுக் கதையில முதலையே இல்லை. இப்ப ரெண்டு முதலை வந்துருச்சு."

அவர் சட்டென்று உட்கார்ந்தார். "யம்மா, எழுதிக்கிடுங்க" என்றார் என்னிடம். கறுப்புப் பென்சிலும், மெய்ப்பின் பின்பக்கமும்தான் கையில் இருந்தன. அதிலேயே எழுதினேன். பதினான்காம் அத்தியாயத்துக்கு ஒரு புது முன்பகுதி. மறுநாள் காலையில் மூன்று மந்திரவாதிகளும் எழுகிறார்கள். நேற்று ஆற்றுக்குப் போனதே மூவருக்கும் மறந்துவிட்டது. பாயை விரிக்கிறார்கள், நாற்காலியைத் தேடுகிறார்கள். முக்கூடலில் எல்லோருக்கும் நேற்று நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் ஒருவரும் மூச்சுவிடவில்லை. டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வருகிறார். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்காமல் வைத்திருக்கிறார்கள். படித்துறை முழுக்க ஜனம் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நாணல் புதரில் விழுந்தால் உடம்பைக் கிழிக்கும் என்று யாரோ ஒருவர் அங்கே தன் எருமையைக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறார்.

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவு நிலையைப் பார்த்தார். ரகுமத்தம்மா, "டீ போடுதேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அச்சகத்துக்குத் திரும்பி, எழுதியதைக் கோமதிநாயகம் சாரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த புதன்கிழமை முதல் வாரம் ஒருநாள் நான் மேலப்பாளையத்துக்குப் போய்வரலாம் என்று ஏற்பாடு செய்தார். வெளியே போகும்போது கையெழுத்திடும் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். வாங்கி அவரே எழுதினார்: மந்திரம்.

புதன்கிழமைகளில் முந்தின வாரம் எழுதியதை நான் வாசிப்பேன். அவர் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார். சில நாள் உண்மையிலேயே அவருக்கு அது புதிதுதான். பிறகு மேலே சொல்லுவார், நான் எழுதிக்கொள்வேன். ஆறு ஏன் நின்றது என்பது அப்படித்தான் வெளிவந்தது. அறுபது வருடத்துக்கு முன் ஒருநாள் குளித்துக்கொண்டிருந்த இளவட்டம் பிச்சாண்டி, துண்டை மறந்துவிட்டு வந்ததால் ஆற்றிடம், "இங்கனயே இரு, இப்ப வந்துருதேன்" என்று மந்திரமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போன இடத்தில் வேறு சோலி வந்து மறந்துவிட்டார். அறுபது வருடம் ஓடிவிட்டு இப்போது ஏன் நிற்கிறது என்று கேட்டேன்.

"ஆத்துக்கு ஒண்ணு சொன்னா ஒடனே மண்டையில ஏறாதும்மா" என்றார். "மண்டை மேக்கே மலையில கெடக்கு. சொன்னது அங்கன ஏறிப்போய்த் திரும்பி வரணும்லா."

ஆனால் நின்ற ஆற்றை ஓடவைக்கும் சொல் எது என்பதில் எல்லாம் முட்டிக்கொண்டது. மூன்று மந்திரவாதிகளும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். ஓடு, நகரு, போ. ஆறு அசையவில்லை. சரியான சொல் ஒன்றை நாவல் தொடங்கும்போதே மனசில் வைத்திருந்ததாகச் சேக் மதார் சார் சொன்னார். எங்கும் குறித்து வைக்கவில்லை. இப்போது அது போய்விட்டது. மூன்று புதன்கிழமைகள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர் நெற்றியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரம், "வேணும்னா ஆறு நின்னது நின்னதாவே இருக்கட்டும்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பையை எடுத்துக்கொண்டு, "வாரேன் சார், வாரேம்மா" என்று எழுந்தேன். அடுக்களையிலிருந்து ரகுமத்தம்மா எப்போதும் சொல்வதுபோல, "போயிட்டு வாம்மா" என்றார்.

"இருங்க" என்றார் சேக் மதார் சார்.

நான் செருப்பில் பாதிக் காலோடு நின்றேன்.

"போன்னு சொன்னா எதும்மா போவும்? கோவிச்சுக்கிட்டு அங்கனயேதான் நிக்கும்." எழுந்து நின்றுவிட்டார். "போயிட்டு வான்னு சொல்லணும். அதுதான். அதேதான்."

"இதைத்தான் மொதல்ல நினைச்சு வச்சிருந்தீங்களா சார்?"

அவர் யோசித்தார். "தெரியலை. இதுவா இருந்தா, நல்லாத்தான் யோசிச்சிருக்கேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுதினேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான்.

புத்தகம் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் வெளியீட்டு விழா வைத்தோம். அவருடைய பழைய அலுவலகத்து ஆட்கள், மேலப்பாளையத்துச் சொந்தங்கள், அச்சகத்துக்காரர்கள் என்று அரங்கம் நிறைந்துவிட்டது. வெள்ளைச் சட்டையில் மேடையேறிய சேக் மதார் சார் பன்னிரண்டாம் அத்தியாயத்தை வாசித்தார். நாற்காலிச் சண்டைக்கு அரங்கமே குலுங்கியது. பிச்சாண்டி நாணலில் விழுந்தபோது முன்வரிசையில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. கைதட்டல் முடிந்து அவர் உட்கார்ந்தார். இரண்டு பேர் வாழ்த்திப் பேசினார்கள். பிறகு ஏற்புரைக்கு அவரை அழைத்தார்கள். எழுந்து வந்தார், கண்ணாடியைப் போட்டார், புத்தகத்தைப் பிரித்தார், பன்னிரண்டாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

பக்கத்தில் இருந்த ஜெயந்தி என் கையைப் பிடித்தாள். "அக்கா, போய்ச் சொல்லட்டுமா?"

நான் கோமதிநாயகம் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நான் ஜெயந்தியை உட்காரச் சொன்னேன். அரங்கத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. நாற்காலிச் சண்டை வந்ததும் முதலில் எங்கோ பின்னால் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முன்னைவிடக் கூடுதலாகவே சிரித்தார்கள். பிச்சாண்டி விழப்போகிறார் என்று இந்தத் தடவை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்காக முன்னாலேயே காத்திருந்து சிரித்தார்கள்.

விழா முடிந்து வாசலில் அவரைப் பார்த்தேன். கண் மின்னியது.

"யம்மா, எத்தனாவது தரம் வாசிச்சது நல்லா இருந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார். "ரெண்டாவதுதான் சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே காரில் ஏறப் போனார்.

பின்னால் வந்த ரகுமத்தம்மாவிடம், "சார் நல்லா பயமுறுத்திட்டாங்கம்மா" என்றேன்.

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "மேடையை விட்டு எறங்குனப்ப நான்தான் காதுல சொன்னேன், ரெண்டு தரம் வாசிச்சிட்டியன்னு" என்றார். "ஒரு நிமிசம் யோசிச்சாஹ. சரி, அடுத்த ஊருலயும் இப்படியே வாசிப்போம்னுட்டாஹ."